குடவோலை போன தூரம்

கி.பி. 919. சோழ மன்னன் முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டு. உத்தரமேருச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார், அரச ஆணையோடு வந்த அதிகாரி உடனிருக்க, ஊர்க் காரியங்களைக் கவனிக்கும் தங்கள் வாரியங்களுக்கு ஆள் எடுப்பது எப்படி என்று விதி வகுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அந்த விதியைத் திருத்தவும் கூடினார்கள். முதல் தீர்மானத்தில் வாரியத்துக்கு வர 30 வயதுக்கு மேல் 60 வயதுக்குள் இருக்க வேண்டும் என்றிருந்தது. 921இல் அது 35 முதல் 70 வரை என்றானது. ஏன் மாற்றினார்கள் என்பதற்குக் கல்லில் விளக்கம் இல்லை. நடைமுறையில் ஏதோ இடித்திருக்க வேண்டும். எழுதி வைத்த விதியைச் செயல்படுத்திப் பார்த்து, போதாது என்று கண்டு, மறுபடியும் எழுதிய மனிதர்கள் அவர்கள். அந்த ஊர்தான் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கும் உத்திரமேரூர். இரண்டு தீர்மானங்களும் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன.

திருத்தப்பட்ட விதி சொல்லும் காட்சியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஊரில் 30 குடும்புகள், அதாவது ஊர்ப் பிரிவுகள். ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலை பூட்டி, குடத்தில் இடுவார்கள். சிறியவர் பெரியவர் எல்லோரும் அடங்கிய மகாசபை கூடியிருக்கும். அன்று ஊரில் உள்ள நம்பிமார், அதாவது கோயில் அர்ச்சகர்கள், அனைவரும் மண்டபத்தில் அமர்ந்திருப்பார்கள். அவர்களில் மூத்தவர் ஒருவர் மேல்நோக்கியபடி, எல்லோரும் காணக் குடத்தை எடுத்து நிற்பார். விவரம் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்துத் தருவான். அந்தக் கட்டை அவிழ்த்து வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை அவனையே எடுக்கச் சொல்வார்கள். அதை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும். அவன் வாசித்ததை நம்பிமார் அனைவரும் வாசிக்க வேண்டும். பிறகுதான் அந்தப் பெயர் நிற்கும்.

அந்த விரித்த கையைத்தான் நான் இந்தக் கல்வெட்டின் உயிர் என்று நினைக்கிறேன். விரலிடுக்கில் வேறோர் ஓலையை ஒளித்து வைத்து மாற்றிவிட முடியும் என்பதை யாரோ யோசித்திருக்கிறார்கள். அதற்கு முன்பு எங்கோ அப்படி நடந்தும் இருக்கலாம்.

இப்படி வந்த முப்பது பேரில் 12 பேர் சம்வத்சர (ஆண்டு) வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவிக்காலம் 360 நாள். நடுவில் குற்றம் கண்டால் விலக்கலாம். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் பெயரும் போகாது. அவரோடு நிற்கவில்லை: அப்பா, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், பெரியம்மா சின்னம்மா மக்கள் என்று உறவுமுறை நீளமாக அடுக்கப்படுகிறது. அத்தனை பேருக்கும் கதவு அடைப்பு. பினாமி என்ற சொல் வராத காலத்திலேயே அந்த வழியை அடைத்துவிட்டார்கள்.

இது கல்லில் ஏறிய பிறகு ஏறக்குறைய 980 ஆண்டுகள் அங்கேயே இருந்தது.

1898இல்தான் அது முதன்முறையாகப் பயணப்பட்டது, காகிதத்தில். சென்னை அரசின் கல்வெட்டாய்வாளராக 1886இல் நியமிக்கப்பட்ட ஜெர்மானியர் ஹூல்ஷின் அலுவலகம் அந்த ஆண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் படியெடுத்தது. படியெடுக்கும் வேலை அறிவைவிடக் கையையும் பொறுமையையும் கேட்பது. எழுத்துப் பள்ளங்களில் படிந்த சுண்ணாம்பையும் அழுக்கையும் தேய்த்துக் கழுவ வேண்டும். நனைத்த தாளைக் கல்லோடு ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் இறக்க வேண்டும். பிறகு மை ஒற்றும் பொதியால் மேலே ஒற்றினால், கல்லின் மேற்பரப்பு கறுப்பாகவும் எழுத்து வெள்ளையாகவும் வரும். காய்ந்ததும் உரித்து மடித்து எடுத்துப் போவார்கள். வெயிலில் சாரம் கட்டி ஏறி இதைச் செய்தவர்களின் பெயர்கள் ஆண்டறிக்கைகளில் அநேகமாக இருப்பதில்லை. தமிழக வரலாறு என்று இன்று நாம் எழுதுவதில் பெரும்பகுதி அவர்கள் கையால் தட்டியது.

அந்தப் படிகளின் கதையும் அலைச்சல்தான். கல்வெட்டு அலுவலகம் 1903இல் உதகமண்டலத்துக்குப் போனது, 1966இல் மைசூருக்கு. தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021இல் உத்தரவிட்டது. இது வெறும் இடமாற்றச் சச்சரவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். திருப்பணி என்ற பெயரில் சுவர் இடித்துக் கட்டப்பட்ட, மணல் வீச்சால் எழுத்து மழுங்கிய கோயில்கள் தமிழ்நாட்டில் பல. அங்கெல்லாம் மூலம் என்று எஞ்சியிருப்பது அந்த மைபடிந்த தாள்தான்.

உத்திரமேரூர்ப் படியை ஆராய்ந்து வெளியிட்டவர் கல்வெட்டாய்வாளர் வெங்கையா. இந்தியத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் அவர் கட்டுரை வந்தது. அதற்கப்புறம் கல்வெட்டின் வேகம் மாறிவிட்டது. கல்கத்தாவில் ஆர்.சி. மஜும்தார் 1918இல் எழுதிய நூலிலும், ராதாகுமுத முகர்ஜி 1919இல் எழுதிய நூலிலும் தென்னாட்டு ஊர்ச்சபைகளுக்கு முக்கிய இடம் கிடைத்தது. இந்தியர்களுக்குத் தன்னாட்சி பழக்கமில்லை என்று ஆள்பவர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம். அதற்கு மறுப்பாக ஆயிரம் ஆண்டுப் பழைய கல்லைக் காட்ட முடிந்தது. 1932இல் வரலாற்றாசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி இரண்டு தீர்மானங்களையும் எடுத்து விரிவாக ஆராய்ந்தார்.

1948 நவம்பரில் அது அரசியல் நிர்ணய சபைக்குப் போனது. ஊராட்சிகளை அரசமைப்பில் சேர்ப்பது பற்றிய விவாதத்தில் சென்னை மாகாண முன்னாள் முதல்வர் டி. பிரகாசம் உத்திரமேரூரைக் குறிப்பிட்டார். பானை வாக்குப் பெட்டியாகவும் ஓலை வாக்குச் சீட்டாகவும் இருந்தன, வயதுவந்தோர் வாக்குரிமை இருந்தது என்று பேசினார். ஊராட்சிகள் அரசமைப்பின் 40ஆம் பிரிவாக இடம்பெற்றன. அந்த நல்ல காரியத்தில் இக்கல்வெட்டுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் மோடியும் உத்திரமேரூரைப் பேசினார். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாருக்கும் குடவோலை முறை தெரியும்.

ஆனால் இவ்வளவு தூரம் வந்ததில் பாதிச் சரக்கு வழியில் இறங்கிவிட்டது. அதைச் சொல்லாமல் இந்தப் பயணத்தைக் கொண்டாட எனக்கு மனமில்லை.

உத்தரமேரு ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்ட ஊர். அதன் சபை பிராமண நிலவுடைமையாளர்களின் சபை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், தன் மனையில் கட்டிய வீடு, வேதக் கல்வி ஆகியவை இருந்தால்தான் பெயர் ஓலையில் ஏறும். கீழோர் என்று அவர்கள் கருதியவர்களோடு பழகியவர், பிராயச்சித்தம் செய்யும்வரை விலக்கப்பட்டார். அந்த வயல்களில் உழைத்தவர்களுக்கு அந்தக் குடத்தில் இடமே கிடையாது. வயதுவந்தோர் வாக்குரிமை என்று பிரகாசம் சொன்னது கல்லில் இல்லாதது. அங்கே வாக்கு என்பதே இல்லை; தகுதிபெற்றவர்களுக்குள் சீட்டுக் குலுக்கல். நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு போன்ற வரலாற்றாய்வாளர்கள் ஒற்றைக் கல்வெட்டை விட்டுவிட்டு ஆயிரக்கணக்கான சோழர் கல்வெட்டுகளைச் சேர்த்துப் படித்தபோது இந்த வேறுபாடு தெளிவானது. ஈசானமங்கலம் என்ற பிரமதேயத்தையும் அதனருகே இருந்த அல்லூரையும் கராஷிமா ஒப்பிட்டார். பிரமதேயத்தில் நிலம் தனியார் கையில் இருந்தது; அல்லூர் போன்ற ஊரில் பொதுவில் இருந்தது. ஒரு சபையின் விதியைச் சோழநாடு முழுவதற்கும் விரிப்பது சரிப்படாது.

சங்கடமான பகுதி மட்டும் இறங்கியிருந்தால் அதை அரசியல் என்று புரிந்துகொள்ளலாம். அருமையான பகுதியும் இறங்கிவிட்டது. கணக்குக் காட்டாதவனின் மைத்துனனுக்கும் கதவடைத்த விதியை எந்த ஊராட்சிச் சட்டம் எடுத்துக்கொண்டது? மூன்றாண்டு இடைவெளியை எந்தக் கட்சி கேட்டது? மேடையில் அந்தக் கணக்கு, வேட்பாளரின் சொத்துக் கணக்காகவே மாறிவிடுகிறது. கல் கேட்பது ஏரிக்கும் தோட்டத்துக்கும் பொதுப்பணத்தைச் செலவழித்த கணக்கை. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தேர்தல் நடத்தினோம் என்ற பெருமையை எல்லோரும் ஏந்திக்கொண்டோம். அந்தப் பெருமைக்கு உண்மையான காரணத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டோம்.

உத்திரமேரூர் முதலும் அல்ல. ஓலையிட்ட குடத்தின் கயிற்றை அவிழ்த்து ஓலைகளை எடுக்கும் வழக்கத்தை அகநானூற்றின் 77ஆம் பாட்டு ஓர் உவமையில் காட்டுகிறது. அதுவும், போர்க்களத்தில் பருந்துகள் பிணத்தின் குடரை இழுப்பதற்கு உவமையாக. திருநெல்வேலிக்கு அருகே மானூரில் ஏறக்குறைய கி.பி. 800ஐச் சேர்ந்த பாண்டியன் மாறஞ்சடையனின் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. பராந்தகனின் தீர்மானத்துக்கு ஒரு நூற்றாண்டு முந்தியது. அதுவும் பிராமணச் சபைதான். யார் மன்றாடலாம், அதாவது சபை நடவடிக்கையில் பங்கேற்கலாம், என்பதற்கு அதே மாதிரிக் கல்வித் தகுதிகள். கூடவே ஒரு விதி: சபையில் எந்தக் காரியம் வந்தாலும் கூடாது, கூடாது என்று மறித்துக்கொண்டே இருப்பவரும் அவருக்குத் துணைநிற்பவரும் ஐந்து காசு தண்டம் கட்ட வேண்டும். எபிகிராபியா இண்டிகாவின் 22ஆம் தொகுதியில் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அதைப் பதிப்பித்திருக்கிறார். அந்தக் கல்லை அரசியல் மேடைகள் இன்னும் தேடி வரவில்லை. அதனால் அதன் வரிகள் அத்தனையும் அப்படியே படிக்கக் கிடைக்கின்றன.