நீரிழிவுக்கு மஞ்சள் மாத்திரை கைகொடுக்குமா? ஆய்வுகள் கூறுவது என்ன?

மும்பை: மஞ்சள், பச்சைத் தேயிலை, நெல்லிக்காய், திராட்சைத் தோல் ஆகியவற்றின் சாறுகளைக் கொண்ட மாத்திரைகள் நீரிழிவைக் கட்டுப்படுத்தும் என்ற விளம்பரங்கள் பெருகி வருகின்றன. இவற்றின் மூலப்பொருளான 'பாலிபீனால்' எனும் தாவரச் சேர்மங்கள் குறித்து அறிவியல் ஆய்வுகள் உறுதிசெய்துள்ளவை எவை, உறுதிசெய்யாதவை எவை என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

யாருக்கு இது முக்கியம்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன், சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை ஒருங்கிணைத்த தேசிய ஆய்வின் முடிவுகள் 2023-ஆம் ஆண்டு வெளியாகின. நாட்டில் சுமார் 10.1 கோடி பேர் நீரிழிவுடனும், 13.6 கோடி பேர் அதற்கு முந்தைய நிலையிலும் வாழ்வதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. மும்பை மாநகராட்சியும் உலக சுகாதார அமைப்பும் 2021-இல் மேற்கொண்ட கணக்கெடுப்பில், நகரின் 18 முதல் 69 வயது வரையிலானோரில் சுமார் 18 சதவீதத்தினருக்கு வெறும் வயிற்று ரத்தச் சர்க்கரை அளவு உயர்ந்திருந்தது. தமிழர்கள் பெருமளவில் வாழும் தாராவி, மாட்டுங்கா லேபர் கேம்ப் பகுதிகளின் உழைக்கும் குடும்பங்களுக்கு, மாதச் செலவில் கூடுதலாகச் சேரும் ஒரு மாத்திரைப் புட்டியும் பெரும் சுமையே.

அழற்சியும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தமும்

இரண்டாம் வகை நீரிழிவு என்பது சர்க்கரை அளவு உயர்வது மட்டுமன்று. வயிற்றுப் பகுதியில் சேரும் கொழுப்புத் திசுக்கள், அழற்சியைத் தூண்டும் புரதங்களை இடைவிடாது சுரக்கின்றன. இவை இன்சுலினின் செயல்திறனைக் குறைக்கின்றன. மறுபுறம், மிகுதியான சர்க்கரையைக் கையாளும் உயிரணுக்களில், தீங்கு விளைவிக்கும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகள் உடலின் தற்காப்புத் திறனை மீறிப் பெருகுகின்றன. இதுவே ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் எனப்படுகிறது. ரத்தக் குழாய், சிறுநீரகம், விழித்திரை, நரம்பு ஆகியவை பாதிக்கப்படுவதில் இவ்விரண்டுக்கும் பங்குண்டு. பாலிபீனால்கள் இந்த இரு பாதைகளையும் தணிப்பதாக ஆய்வகச் சோதனைகளில் தெரியவந்ததே, அவற்றின்மீது எழுந்த ஆர்வத்துக்குக் காரணம்.

மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள்

ஹைதராபாதில் உள்ள நிஜாம் மருத்துவ அறிவியல் கழக ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 72 பேரிடம் நடத்திய ஆய்வு 2008-இல் வெளியானது. மஞ்சளின் குர்குமின், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின், மருந்தற்ற போலி மாத்திரை என மூன்று பிரிவுகளாக எட்டு வாரங்கள் சோதிக்கப்பட்டது. குர்குமின் பிரிவில் ரத்தக் குழாய்களின் செயல்பாடு மேம்பட்டது. அழற்சி மற்றும் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தின் குறியீடுகளும் குறைந்தன.

தாய்லாந்தில் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்த 240 பேரிடம் நடந்த ஆய்வு 2012-இல் வெளியானது. ஒன்பது மாத முடிவில், போலி மாத்திரை உட்கொண்டோரில் 16.4 சதவீதத்தினருக்கு நீரிழிவு ஏற்பட்டது. குர்குமின் பிரிவில் ஒருவருக்கும் ஏற்படவில்லை.

எனினும், இவை சில நூறு பேரிடம், சில வாரங்கள் அல்லது மாதங்கள் மட்டுமே நடந்தவை. ரத்தப் பரிசோதனையில் ஒரு குறியீடு குறைவது வேறு. மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு, பார்வை இழப்பு ஆகியவை குறைவது வேறு. பின்னதற்கான பெரிய, நீண்டகாலச் சான்று பாலிபீனால் மாத்திரைகளுக்கு இல்லை. ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் நோக்கில் மூலிகை, வைட்டமின் துணை மாத்திரைகளை அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் சிகிச்சை நெறிமுறைகள் பரிந்துரைப்பதில்லை.

சமையல் மஞ்சளும் மாத்திரையும் ஒன்றா?

இல்லை. மஞ்சள் தூளில் குர்குமின் ஏறத்தாழ 3 சதவீதமே உள்ளது. தாய்லாந்து ஆய்வில் தரப்பட்ட நாளொன்றுக்கு 1.5 கிராம் அளவைப் பெற, தினமும் சுமார் 50 கிராம் மஞ்சள் தூள் உண்ண வேண்டியிருக்கும். அவ்வாறு உண்டாலும் குர்குமின் ரத்தத்தில் எளிதில் கலப்பதில்லை. மிளகில் உள்ள பைப்பரின் சேர்த்தால் உடல் அதை ஏற்கும் அளவு 20 மடங்கு உயர்வதாக, பெங்களூரு ஆய்வாளர்கள் 1998-இல் கண்டறிந்தனர். இதனாலேயே பல மாத்திரைகளில் மிளகுச் சாறு சேர்க்கப்படுகிறது.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

இதே பைப்பரின், வேறு மருந்துகளை உடல் சிதைத்து வெளியேற்றும் வேகத்தையும் குறைக்கக்கூடும். அதனால் அம்மருந்துகளின் வீரியம் எதிர்பாராத அளவுக்கு உயரலாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும், சர்க்கரையை விரைந்து குறைக்கும் மாத்திரை அல்லது இன்சுலின் பயன்படுத்துவோரும் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். மஞ்சள் மாத்திரைகளுடன் தொடர்புடைய கல்லீரல் பாதிப்புகள் இத்தாலியிலும் அமெரிக்காவிலும் பதிவாகியுள்ளன. பச்சைத் தேயிலைச் சாற்றின் முக்கியச் சேர்மம், துணை மாத்திரை வடிவில் நாளொன்றுக்கு 800 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சென்றால் கல்லீரலைப் பாதிக்கக்கூடும் என ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இல் தெரிவித்தது.

இவை அனைத்தையும்விடப் பெரிய ஆபத்து, மாத்திரையை நம்பி மருத்துவர் அளித்த மருந்தை நிறுத்துவதாகும். பரவலாகப் பயன்படும் மெட்ஃபார்மினின் வேரும் ஒரு தாவரத்தில்தான் உள்ளது. ஆனால் அதன் சேர்மம் ஆய்வகத்தில் மாற்றியமைக்கப்பட்டு, அளவு வரையறுக்கப்பட்டு, பல்லாண்டுகள் சோதிக்கப்பட்ட பின்னரே மருந்தாக நிலைபெற்றது.

சட்டம் என்ன சொல்கிறது?

1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் (ஆட்சேபகரமான விளம்பரங்கள்) சட்டம், நீரிழிவைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. துணை உணவு மாத்திரைகளின் உறையில் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்ற பொருள்படும் வாசகம் இடம்பெற வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. வாங்கும் முன் இந்த வாசகத்தையும் உரிம எண்ணையும் பார்ப்பது அவசியம்.

பொதுமக்கள் செய்யக்கூடியவை

சமையலில் மஞ்சள், மிளகு, கறிவேப்பிலை, வெங்காயம், நெல்லிக்காய் ஆகியவற்றை வழக்கமான அளவில் சேர்ப்பதற்குத் தடையில்லை. மாத்திரை வடிவில் ஏற்கெனவே உட்கொள்வோர், அதன் புட்டியை அடுத்த பரிசோதனையின்போது மருத்துவரிடம் காட்ட வேண்டும். கண் அல்லது தோல் மஞ்சளாதல், அடர்நிறச் சிறுநீர், கடும் சோர்வு ஆகியவை தோன்றினால், மாத்திரையை உடனே நிறுத்திச் சிகிச்சை பெற வேண்டும். மாட்டுங்கா லேபர் கேம்ப் மற்றும் தாராவி மக்கள், மாநகராட்சியின் 'ஆப்லா தவாகானா' மருந்தகங்களையும், அருகிலுள்ள சயான் லோக்மான்ய திலக் மாநகராட்சி மருத்துவமனையையும் இதற்கு அணுகலாம்.