நடுவர் எப்போது மாஸ்டர் ஆனார்?

"யாருக்குடா டாலர்ல காசு கட்டுற?" என்று அம்மா கேட்டார்.

"மாஸ்டருக்கும்மா."

"எந்த மாஸ்டர்? பரோட்டா மாஸ்டரா, டான்ஸ் மாஸ்டரா?"

விளக்கிச் சொல்ல முயன்றேன். நாலைந்து பேர் இணையத்தில் கூடுவோம். ஒருவர் ஒரு உலகத்தை வர்ணிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, "நான் கதவைத் தட்டுகிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்வோம். நடக்குமா நடக்காதா என்று சந்தேகம் வந்தால் பகடை உருளும். வர்ணிக்கிறவர்தான் மாஸ்டர், அவருக்குத்தான் காசு. "கதை சொல்றதுக்குக் காசா?" என்று கேட்டுவிட்டு அம்மா எழுந்து போய்விட்டார். அந்தக் கேள்விக்கு அப்போது என்னிடம் பதில் இல்லை. தேடப் போன இடத்தில் சேர்ந்த குறிப்புகள்தான் இவை. டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் புதிதாகச் சேர்கிறவர் முதல் நாளே சந்திக்கும் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று பார்க்கலாம்.

முதலில் அந்த மாஸ்டர். அவருக்கு ஆரம்பத்தில் அந்தப் பெயரே கிடையாது. 1824இல் பிரஷ்யப் படையின் பீரங்கிப் பிரிவைச் சேர்ந்த இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ், தன் தந்தை தொடங்கிவைத்த போர் விளையாட்டைத் திருத்தி வெளியிட்டார். கிரீக்ஸ்ஷ்பீல் என்று பெயர், நேராகச் சொன்னால் 'போர் விளையாட்டு'. அதில் இரண்டு தரப்பும் தங்கள் உத்தரவுகளை நடுவரிடம்தான் கொடுக்க வேண்டும். எதிரிப்படை உங்கள் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருந்தால் மட்டும் நடுவர் அதை வரைபடத்தில் வைப்பார். அதுவரை அது அவர் மனதில் மட்டும்தான் இருக்கும். மலைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். இன்று நான் காசு கட்டும் ஆட்டத்தின் அடிப்படை ஏற்பாடும் இதுவேதான்.

விதிகள் பெருகிப் பெருகி ஆட்டமே நகராத நிலை வந்தது. 1876இல் வெர்டி து வெர்னுவா என்ற பிரஷ்ய அதிகாரி, விதிப் புத்தகத்தையும் பகடையையும் ஒதுக்கிவிட்டு அனுபவமுள்ள நடுவரே தீர்ப்புச் சொல்லட்டும் என்று எழுதினார். விதி பெரிதா நடுவர் பெரிதா என்ற சண்டை இந்த விளையாட்டுக்காரர்களிடையே இன்னும் ஓயவில்லை. அது பிறந்தே ஒன்றரை நூற்றாண்டு ஆகிறது என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

நடுவர் எப்படி அமெரிக்கா போனார்? டாட்டன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரி 1880இல் ஸ்ட்ராடஜோஸ் என்று ஒரு போர் விளையாட்டு நூல் எழுதினார். பல பத்தாண்டுகள் கழித்து மினசோட்டாவில் டேவ் வெஸ்லி என்ற இளைஞர் கையில் அது கிடைத்தது. ஆடுகிறவர் எதை வேண்டுமானாலும் முயன்று பார்க்கலாம், முடிவை நடுவர் சொல்வார் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. 1969இல் நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மன் ஊர் ஒன்றை வைத்து 'பிரௌன்ஸ்டைன்' என்று ஒரு ஆட்டம் நடத்தினார். படைத் தளபதிகள் மட்டுமில்லாமல் ஊர் மேயர், வங்கிக்காரர் என்று ஆளுக்கொரு வேடம், ஆளுக்கொரு ரகசிய நோக்கம். பொம்மைப் படைகள் மோதவேண்டிய நேரத்தில் ஆட்கள் மூலைக்கு மூலை நின்று பேரம் பேசினார்கள். ஆட்டம் தோற்றுவிட்டது என்றே வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்த டேவ் ஆர்னசன் அடுத்து பிளாக்மூர் என்ற மாயாஜால உலகத்தை உருவாக்கினார். அவரும் விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனிவாவில் இருந்த கேரி கைகாக்ஸும் சேர்ந்து செய்ததுதான் 1974இல் வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர்.

அந்த மூன்று புத்தகங்களிலும் 'டஞ்சன் மாஸ்டர்' கிடையாது! அங்கே இருப்பவர் 'ரெஃப்ரி', பழைய பிரஷ்ய நடுவர்தான். இன்னொரு ஆச்சரியம், ஒரு நெடும் ஆட்டத்தில் 4 பேர் முதல் 50 பேர் வரை ஆடலாம், 20 பேருக்கு ஒரு நடுவர் போதும் என்கிறது அந்தப் புத்தகம். எல்லாரும் ஒரே ராத்திரியில் உட்கார மாட்டார்கள்தான். வந்தவர்கள் அன்றைக்கு ஆடுவார்கள், உலகம் மட்டும் தொடரும். அதனால்தான் அதற்குக் 'கேம்பெய்ன்' என்று பெயர். அதுவும் போர்க்களத்துச் சொல்லே, பல சண்டைகள் சேர்ந்த படையெடுப்பு என்று பொருள். இன்று விளம்பரத்தில் 'கேம்பெய்ன்' என்று போட்டிருந்தால் வாராவாரம் தொடரும் கதை என்று புரிந்துகொள்ளுங்கள். 'ஒன்-ஷாட்' என்றால் ஒரே அமர்வில் முடிந்துவிடும். புதியவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன், கல்யாணத்துக்கு முன்னால் பெண் பார்க்கப் போவதுபோல.

1975வாக்கில் 'டஞ்சன் மாஸ்டர்' அச்சுக்கு வந்தது. 1979இல் அந்த மாஸ்டருக்கென்றே தனியாக ஒரு தடிப் புத்தகம். பெயர் டிஎஸ்ஆர் நிறுவனத்தோடு ஒட்டிக்கொண்டதால் மற்றவர்கள் வேறு சொல் தேடினார்கள். பொதுப்பெயராக 'கேம் மாஸ்டர்' நிலைத்தது. 1981இல் வந்த கால் ஆஃப் கதுல்ஹுவில் அவர் 'கீப்பர்', ரகசியங்களைக் காப்பவர். 1991இல் வந்த வேம்பயர் விளையாட்டில் 'ஸ்டோரிடெல்லர்', கதைசொல்லி. வேலை ஒன்றுதான், ஆனால் பெயர் மாற மாற அவரிடம் நாம் எதிர்பார்ப்பதும் மாறுகிறது. நடுவரிடம் நியாயம் கேட்போம். கதைசொல்லியிடம் சுவாரசியம் கேட்போம். இரண்டும் ஒரே ராத்திரியில் கிடைக்காது என்பது ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனி காசு. இது 2020க்குப் பிறகு வந்த புதுப் பழக்கம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ரிக் லூமிஸ் என்பவரைப் பற்றிப் படித்ததும் அந்த எண்ணம் போயே போச்சு. 1970இல் ஹவாயில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தபோது அவர் தபால் வழியாக ஒரு ஆட்டம் நடத்தத் தொடங்கினார். ஆடுகிறவர்கள் தங்கள் நகர்வைக் கடிதத்தில் அனுப்புவார்கள். அவர் எல்லாவற்றையும் சேர்த்து முடிவைக் கணித்துத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு நகர்வுக்கும் கட்டணம். ஆட்கள் பெருகியதும் கணினி நேரத்தை வாடகைக்கு எடுத்துக் கணக்குப் போட்டார். அவருடைய ஃப்ளையிங் பஃபலோ நிறுவனம்தான் 1975இல் டனல்ஸ் அண்ட் ட்ரோல்ஸையும் வெளியிட்டது. ஆக, முகம் பார்க்காத ஆட்கள், தூரத்தில் ஒரு நடுவர், முறைக்கு இவ்வளவு என்று காசு. இது டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கே நான்கு வருடம் மூத்தது.

இருந்தாலும் மேசையைச் சுற்றி ஆடியவர்களிடம் காசு வாங்கும் வழக்கம் பெரிதாக வேர்விடவில்லை. நண்பன் நடத்துவான், மற்றவர்கள் பீட்சா வாங்கித் தருவார்கள், அவ்வளவுதான் கணக்கு. இணையத்தில் வரைபடம், பகடை, பாத்திரத்தாள் எல்லாவற்றையும் ஒரே திரையில் தரும் மென்பொருள்கள் வந்தன. 2004இல் ஃபேண்டசி கிரவுண்ட்ஸ், 2012இல் ரோல்20. இவற்றைச் சேர்த்து 'விடிடி' என்பார்கள், மெய்நிகர் மேசை என்று வைத்துக்கொள்ளலாம். அந்த மென்பொருள் வேண்டாம், சொல்லிலேயே காட்சியை எழுப்புகிறேன் என்று மாஸ்டர் சொன்னால் அது 'தியேட்டர் ஆஃப் த மைண்ட்'. வானொலி நாடகத்தைப் பற்றிப் பேசும்போது புழங்கிய சொல் அது. ஞாயிறு மதியம் ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பிறகு பெருந்தொற்று வந்து எல்லாரையும் வீட்டில் உட்காரவைத்த 2020இல், மாஸ்டரையும் ஆடுகிறவரையும் கட்டணத்தோடு சேர்த்துவைக்கும் ஸ்டார்ட்பிளேயிங் போன்ற தளங்கள் தொடங்கின.

இங்கேதான் 'சீட்' என்ற சொல் வருகிறது. ஒரு மேசைக்கு வழக்கமாக நாலைந்து சீட், அமர்வுக்கு ஒரு சீட்டுக்கு இவ்வளவு டாலர். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோலத்தான், ஆனால் இந்தத் துண்டுக்குக் காசு. இதில் நான் வாங்கிய அடியையும் சொல்லிவிடுகிறேன். என் முதல் மேசை சனிக்கிழமை இரவு 8 மணிக்கு, அமெரிக்கக் கிழக்கு நேரம். எனக்கு ஞாயிறு காலை ஆறரை. மார்ச்சில் ஒரு வாரம் வழக்கம்போல ஆறு இருபத்தைந்துக்குக் காபியோடு உட்கார்ந்தால், ஆட்டம் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் ஓடியிருந்தது. அங்கே கடிகாரத்தை முன்னால் தள்ளிவைத்துவிட்டார்கள், எனக்கு ஆட்டம் அஞ்சரைக்கே ஆரம்பித்துவிட்டது! கட்டணம் முழுதாகக் கழிந்திருந்தது. தப்பு என்னுடையதுதான். மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல், என் பாத்திரம் சத்திரத்தில் தூங்கிக்கொண்டிருந்ததாகக் கதையில் சேர்த்துக்கொண்டார்.

சீட் எடுத்த கையோடு வருவது 'செஷன் ஜீரோ'. முதல் ஆட்டத்துக்கு முந்தைய பேச்சு என்பதால் பூஜ்யம். கதை எப்படி இருக்கும், யார் யார் என்ன பாத்திரம், ஒருவர் வராவிட்டால் என்ன செய்வது, எதெல்லாம் கதையில் வரக்கூடாது என்று பேசுவார்கள். 2020 கடைசியில் வந்த அதிகாரபூர்வ டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் புத்தகம் ஒன்றிலேயே இதற்கு ஒரு பகுதி ஒதுக்கினார்கள். அதோடு 'லைன்ஸ் அண்ட் வெயில்ஸ்' என்று ஒரு படிவமும் வரும். ரான் எட்வர்ட்ஸ் என்ற விளையாட்டு வடிவமைப்பாளர் 2000களின் தொடக்கத்தில் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொற்கள். 'லைன்' என்றால் கோடு, அதைத் தாண்டி கதை போகவே கூடாது. 'வெயில்' என்றால் திரை, நடக்கலாம் ஆனால் காட்டவேண்டாம். பழைய சினிமாவில் நாயகனும் நாயகியும் நெருங்கினால் இரண்டு பூக்கள் உரசிக்கொள்ளும் பாருங்க, அதுதான் வெயில்.

படிவத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்புதான் வந்தது. கதைதானே, இதற்குப் போய் இவ்வளவா என்று எல்லாக் கட்டத்தையும் காலியாக விட்டேன்.

ஆறாவதோ ஏழாவதோ அமர்வு. ஒரு கிராமம், காணாமல்போன சிறுவன், தேடிப் போகிறோம். மாஸ்டர் நன்றாக வர்ணிப்பவர். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, ஓரத்தில் ஒற்றைச் செருப்பு என்றார். என் சித்தப்பா மகன் போனது அப்படித்தான். அவனுக்கு ஆறு வயது, எனக்கு ஒன்பது. நாங்கள் பார்த்ததும் செருப்பைத்தான் முதலில். காதில் ஹெட்ஃபோனோடு, கை சில்லிட்டு உட்கார்ந்திருந்தேன். முகம் தெரியாத நாலு பேரிடம், அதுவும் ஆங்கிலத்தில், இதை எங்கிருந்து ஆரம்பிப்பது? அரட்டைப் பெட்டியில் 'எக்ஸ்' என்று ஒரே ஒரு எழுத்தைத் தட்டினேன்.

மாஸ்டர் ஒரு மூச்சு நிறுத்தினார். "செருப்பு பழசு, யாரோ போனமாதம் விட்டது. பையன் கொட்டகைப் பக்கம் இருந்து அழைக்கிறான்" என்றார். கதை அங்கே போனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

அந்த எழுத்துக்குப் பின்னால் 'எக்ஸ்-கார்டு' இருக்கிறது. ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் 2010களின் தொடக்கத்தில் பரப்பியது. மேசை நடுவில் எக்ஸ் எழுதிய அட்டை இருக்கும், யார் தொட்டாலும் அந்தக் காட்சியை விட்டுவிட வேண்டும், காரணம் சொல்லத் தேவையில்லை. காசு வாங்குகிறார்கள், புகார் வந்துவிடக்கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடெல்லாம் என்று முதலில் எனக்குச் சந்தேகம் இருந்தது. வருடங்களைப் பார்த்தால் அது பொருந்தவில்லை. எட்வர்ட்ஸும் ஸ்டாவ்ரோபோலஸும் கட்டண மேசைகள் பெருகுவதற்கு முன்பே இதையெல்லாம் பேசிவிட்டார்கள். அந்நியர்கள் ஒன்றாக உட்கார்ந்து ஆடும்போது தேவைப்பட்ட சொற்கள் இவை. பள்ளிக்கூடத்து நண்பர்கள் நாலு பேர் ஆடினால் கிணற்றைப் பற்றி எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை, அவர்களுக்கே தெரியும். காசு செய்ததெல்லாம் அந்நியர்களை அதிகமாக்கியதுதான்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். 'மாஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரு எஜமான் வாடை உண்டு, அதனாலேயே சிலருக்கு அது பிடிப்பதில்லை. ஆனால் நம் ஊரில் மாஸ்டர் யார்? டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர், ஸ்டண்ட் மாஸ்டர். கைத்தொழில் தெரிந்தவர், கூலி வாங்குகிறவர், ஆள் முகம் பார்த்து ஸ்ட்ராங்கா லைட்டா என்று போடுகிறவர். பரோட்டா மாஸ்டரா என்று அம்மா கேட்டபோது ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

அந்தக் கதை போன மாதம் முடிந்தது. அதே மாஸ்டரிடம் அடுத்த மேசைக்கு சீட் எடுத்திருக்கிறேன். படிவம் வந்தது. இந்த முறை கோடு என்ற கட்டத்தில் கிணறு, குழந்தை என்று எழுதி அனுப்பினேன். "சரி, வராது" என்று பதில் போட்டிருந்தார். செஷன் ஜீரோ இந்த ஞாயிறு, காலை அஞ்சரைக்கு. இரண்டு தடவை சரிபார்த்துவிட்டேன்.