பாறை இயக்கவியல்

பாரம் ஏறும்போதும், உள்ளே குடைந்து இடம் செய்யும்போதும் பாறை எவ்வாறு நெளிகிறது, எவ்விடத்தில் முறிகிறது, அதனுள் நீர் புகுந்தால் என்ன நேர்கிறது என்பனவற்றை ஆராய்ந்து, அணை, சுரங்கம், மலைச்சரிவு, கல் குவாரி ஆகியவற்றின் நிர்மாணத்துக்குப் பயன்படுத்தும் சாஸ்திரம். தனிப்பெயர் பூண்ட கல்வித்துறையாக இது தோன்றி ஒரு நூற்றாண்டுகூட நிறையவில்லை; தொழிலாக இதன் வயதோ மிகப் பெரிது.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடையே, பெருஞ்சாலையிலிருந்து மயிலத்துக்கு வழி பிரியும் கூட்டேரிப்பட்டைச் சுற்றியுள்ள நிலம் இத்துறையைக் கற்க வாய்த்த இடங்களுள் ஒன்று. மேற்கே செஞ்சிக் குன்றுகள். தென்கிழக்கே, மரங்கள் கல்லாய்ச் சமைந்து கிடக்கும் திருவக்கரையின் மணற்கல்லும், அதனையடுத்துக் கருங்கல் குவாரிகளும். நைஸ், கிரானைட், சார்னோகைட் என்பன இவ்வட்டாரத்துக் கடினப் பாறைகள். இவற்றுள் கடைசியது, கல்கத்தாவை நிறுவியவராகக் கூறப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறை மூடுகல்லை ஆராய்ந்த ஹாலண்டு 1893-இல் இட்ட பெயர். அந்தக் கல் சென்னைப் பக்கத்திலிருந்து சென்றதாகையால், பெயர் வங்கத்துடையதாயினும் பொருள் நம்முடையது.

விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழியருகே உள்ள மண்டகப்பட்டில், கி.பி. 7-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் ஒரு குகைக்கோயில் குடைவித்து, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையுமின்றி மும்மூர்த்திகளுக்கு அதனை ஆக்கியதாக வடமொழியில் கல்வெட்டும் பொறித்தான். அக்காலத்துச் சிற்பிகளின் திறமையை அவர்களுடைய உளி வேலையைக் கொண்டு மட்டும் அளப்பது போதாது. குடையத் தக்க பாறை எது, தகாதது எது என்று முன்கூட்டியே நிர்ணயித்ததே அதனினும் அரிய காரியம். கல்லைத் தட்டிப் பார்த்து, மணிபோல் ஒலிப்பதை ஆண் கல் என்றும் ஓசையற்றதை நபும்சகக் கல் என்றும் சிற்ப நூலார் வகுத்தது வெறும் சம்பிரதாயமன்று. உள்ளே வெடிப்புள்ள கல்லில் ஒலி சிதைந்து அடங்கும். இன்று ஆய்வுக்கூடத்தில் மீயொலி அலையைப் பாறைத் துண்டினுள் செலுத்தி அதன் வேகத்தை அளப்பவர்களும் அதே நியதியைத்தான் எண்களில் பெறுகிறார்கள்.

கல்லை ஆப்பு வைத்துப் பிளப்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கல் உடைப்பவர் ஒரே கோட்டில் சிறு குழிகள் பறித்து, ஒவ்வொன்றிலும் இரும்பு ஆப்பை நிறுத்தி, ஒன்றையே ஓங்கி அடிக்காமல் முதலிலிருந்து கடைசிவரை முறைவைத்துத் தட்டிக்கொண்டு போவார். ஆப்பு இறுக இறுக ஓசை உச்சமேறும். திடீரென்று ஓசை மங்கினால் பிளவு உள்ளே ஓடிவிட்டது என்று சம்மட்டியைக் கீழே வைப்பார். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1,000 முதல் 2,500 கிலோ வரை அமுக்கத்தைத் தாங்கும் கிரானைட், இழுவிசையை அதில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தாங்காது. ஆப்பு செய்வது கல்லைப் பக்கவாட்டில் இழுப்பதேயாம்.

ஐரோப்பாவில் 1776-இல் வெளியான கூலோமின் ஆய்வுரை, உராய்வும் பிணைப்பும் சேர்ந்து ஒரு தளத்தின் வழுக்கலைத் தடுப்பதைக் கணிதமாக்கியது. ஆனால் துறைக்கு உயிர் கொடுத்தவை விபத்துகள். பிரான்சில் மால்பாசே அணை 1959 டிசம்பர் 2-ஆம் நாள் இரவில் உடைந்து 400-க்கு மேற்பட்டோர் மாண்டனர். பிழை கான்கிரீட்டில் இல்லை, இடது கரையில் அதனைத் தாங்கிய நைஸ் பாறையின் தளங்களுக்குள் புகுந்த நீரழுத்தத்தில் இருந்தது. 1962-இல் சால்ஸ்பர்கில் சர்வதேசப் பாறை இயக்கவியல் சங்கம் அமைந்தது. மறு ஆண்டே இத்தாலியில் வாயான்ட் நீர்த்தேக்கத்தினுள் மலையே சரிந்து விழ, அணை நின்றது. ஆனால் அதன்மேல் பொங்கி வழிந்த நீரால் கீழிருந்த ஊர்கள் அழிந்து ஏறத்தாழ 2,000 பேர் இறந்தனர்.

அதன் பின்னரே, கல் வேறு, பாறைத்திரள் வேறு என்ற தெளிவு பொறியியலில் நிலைபெற்றது. 1973-இல் பீனியாவ்ஸ்கி வகுத்துப் பின்னர் திருத்திய தர அளவையில், கல்லின் சொந்த வலிமைக்கு 100-இல் அதிகபட்சம் 15 மதிப்பெண்ணே உண்டு. எஞ்சியவை வெடிப்புகளின் நெருக்கத்துக்கும் தன்மைக்கும் நீருக்கும் உரியவை. இந்த ஒரு விகிதத்தை மனத்தில் வாங்கிக்கொள்ளாத மாணவன் எத்தனை சூத்திரம் படித்தும் பயனில்லை என்பது என் கருத்து.

இந்தியாவில் இப்பாடத்தைக் கற்பித்தது கோலார் தங்கவயல். வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற ஜில்லாக்களிலிருந்தும் சென்ற தமிழர் உழைத்த அச்சுரங்கங்களுள் சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டருக்கும் ஆழமாக இறங்கியது. அவ்வாழத்தில் மேற்பாறையின் எடை மட்டுமே சதுர சென்டிமீட்டருக்கு 800 கிலோ அளவு. குடைந்த சுவரோரத்தில் அது இரட்டிப்பாகும். எனவே வெடிமருந்து எதுவுமின்றியே பாறை வெடித்துச் சிதறி ஆட்களைக் கொன்றது. கருங்கல் சுவர் கட்டித் தாங்கல் கொடுத்தும், நில அதிர்வுக் கருவிகளால் வெடிப்பின் இடத்தைக் கணித்தும் பெற்ற அனுபவத்தின் வழியே, 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே தோன்றியது. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன.

கூட்டேரிப்பட்டு வட்டாரத்தில் இச்சாஸ்திரம் பயன்பட வேண்டிய முதல் இடம் ஜல்லிக் குவாரி. வெடிப்புத் தளங்கள் பள்ளத்தை நோக்கிச் சாய்ந்திருந்தால், எவ்வளவு கெட்டியான கருங்கல்லும் அத்தளத்தின்மேல் வழுக்கி இறங்கும். மழைநீர் நிறைந்தால் இன்னும் விரைவாக. கடினப் பாறையாயினும் பக்கங்களைப் படிகட்டியோ சாய்த்தோ பத்திரப்படுத்தியோ வெட்ட வேண்டுமென்று 1961-ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க விதிகள் கூறுவது இதனால்தான். செங்குத்தாக வெட்டினால் கல் மிச்சமின்றிக் கிடைக்கும் என்னும் லாபக் கணக்கில், சுவரில் ஓடும் வெடிப்புகளின் திசையும் சாய்வும் சேர்வதில்லை. அவற்றை அளக்க வேண்டுவன ஒரு திசைகாட்டியும், சாய்வுமானியும், மேற்படியில் துளை போடத் தொடங்குமுன் ஒரு முற்பகல் நேரமுமே.