சுவரும் சித்திரமும்

சுவரை வைத்தே சித்திரம் எழுத வேண்டும் என்பர். 1929இல் மூண்ட உலகப் பொருளாதார மந்தத்தின்போது, ஓவியரும் வயிறு உடையவரே என்பதை அமெரிக்க அரசு உணர்ந்தது. 1933இல் அவர்களுக்கு ஊதியம் வழங்கும் திட்டம் தொடங்கிற்று. மறு ஆண்டு கருவூலத் துறை தனிப்பிரிவு ஒன்றை அமைத்து, போட்டி வழியே ஓவியரைத் தேர்ந்தது. 1943 வரை சிற்றூர் அஞ்சலகங்கள் பலவற்றின் சுவர்களில் உழவரும் ஆலைத் தொழிலாளரும் ஓவியமாயினர். அஞ்சல்தலை வாங்க வந்தவர் தம் ஊரின் வரலாற்றைச் சுவரிற் கண்டார். கறுப்பினத்தார் சில ஓவியங்களில் இழிவாகத் தீட்டப்பட்டதும் உண்மையே.

அதே மந்தம் கோலசிலாங்கூர் வட்டாரத்துப் பால்மரக் காடுகளையும் தாக்கிற்று. அமெரிக்காவில் மோட்டார் வண்டி உற்பத்தி குன்றவே, இரப்பர் விலை அடியோடு வீழ்ந்தது. தோட்டங்களிற் கூலி குறைந்தது. 1930 முதல் 1932 வரை மலாயாவிலிருந்து ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர் தாயகத்திற்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்கே பொதுப்பணம் ஓவியனை ஊரில் நிறுத்தியது. இங்கே உழைப்பாளியை ஊரைவிட்டு அனுப்பியது.

1932இல் மலாயாவில் வடிகால், நீர்ப்பாசன இலாகா தோன்றியது. அரிசிக்குப் பிறநாட்டை நம்பியிருக்கும் நிலையை மாற்றுவது அதன் நோக்கங்களுள் ஒன்று. சுங்கை பெசார் வட்டாரத்துச் சதுப்பு நிலம் பின்னர்க் கால்வாய்களால் வயலாயிற்று. நெல்வயல் அக்காலத்திற்குச் சான்றாக நிற்கிறது. கப்பலேறிய பால்மரத் தொழிலாளிக்கோ ஒரு சித்திரமும் இல்லை.

தமிழ்ப்பள்ளிகளுக்குச் சுவர்கள் உண்டு. மாணவர் கையில் வண்ணமும் உண்டு. பாட்டன் பாட்டியின் கதையைக் கேட்டு எழுதுவதே எஞ்சிய பணி.