சின்னமலை எஸ்டேட்டும் எங்கள் பிரட்டுக்களமும்

நகைச்சுவைத் திரைப்படம் ஒன்றை வரலாற்றுக் கட்டுரைக்குப் பொருளாக்கலாமா எனத் தமிழாசிரியர் சிலர் ஐயுறக்கூடும். தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையைத்தான் முதலில் வைத்தார் என்பது அவர்கள் அறியாததன்று. ஆயினும் அழுகைக்குக் கொடுக்கும் மதிப்பை நாம் நகைக்குக் கொடுப்பதில்லை. பரிசு வழங்குவோரும் அப்படியே. 1964-ஆம் ஆண்டுக்குரிய சிறந்த தமிழ்ப்படப் பரிசை இந்திய அரசு ‘கை கொடுத்த தெய்வம்’ என்னும் உருக்கமான படத்துக்கு அளித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் வெளிவந்து மக்களை வயிறு குலுங்கச் சிரிக்கவைத்த ‘காதலிக்க நேரமில்லை’க்கு அப்பரிசு இல்லை. நம் பக்கத்து ஆசியத் திரைப்பட விழாவோ நகைச்சுவைக்கெனத் தனிப்பரிசே வைத்திருந்தது. 1959-இல் கோலாலம்பூரில் பி. ராம்லியின் ‘பெண்டேக்கார் பூஜாங் லாப்போக்’கும், 1964-இல் தைப்பே நகரில் அவருடைய ‘மாடு தீகா’வும் அதனைப் பெற்றன.

‘காதலிக்க நேரமில்லை’யை நான் முதலில் கண்டது நகரத்துப் படவிழாவில் அன்று. கமுந்திங்கை அடுத்த ஒரு ரப்பர் தோட்டத்தில், மாரியம்மன் திருவிழாவின் இரண்டாம் இரவு எங்கள் படவிழா. அப்போது எனக்கு ஒன்பது வயது. விடியற்காலையில் கங்காணி பேர் கூப்பிடும் அதே பிரட்டுக்களத்தில் இரண்டு கம்பங்களை நட்டு வெள்ளைத் துணி கட்டினார்கள். முன்புறம் இடம் போதாமல் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களுக்கு எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. அவர்களுள் பலருக்கு எழுத்துத் தெரியாது, ஆதலால் குறையொன்றுமில்லை.

கதையை அறியாதார் மிகச் சிலரே. சின்னமலை எஸ்டேட்டின் முதலாளி விஸ்வநாதன். வேடம் தாங்கியவர் டி. எஸ். பாலையா. அவரிடம் வேலை பார்க்கும் அசோக் என்னும் இளைஞன் முதலாளியின் பெண்களோடு சச்சரவு செய்துகொண்டு வேலையை இழக்கிறான். இழந்தவன் ஊருக்குத் திரும்பவில்லை. முதலாளியின் மாளிகைக்கு எதிரே கூடாரம் அடித்து, அவர் பெயரைச் சொல்லி வேலை கேட்டுப் பாடுகிறான். அங்கிருந்து காதல் பிறக்கிறது; காதலுக்காக ஒரு பொய் பிறக்கிறது; நண்பன் வாசு நரைமுடி வைத்துக்கொண்டு கோடீசுவரத் தந்தையாகிறான். ‘கல்யாணப் பரிசு’, ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எனக் கண்ணீர்ப் படங்களால் பெயர்பெற்ற ஸ்ரீதர், கோபுவோடு சேர்ந்து இக்கதையை அமைத்தார். அரசகதைகளுக்கே வண்ணப்படச் செலவு தகும் என்றிருந்த காலத்தில், இதனை ஈஸ்ட்மென் வண்ணத்தில் எடுத்தார். அசோக்காக நடித்த ரவிச்சந்திரனுக்கு இதுவே முதற்படம். அவர் கோலாலம்பூரில் பிறந்தவர் என்பதில் எங்கள் லயத்துப் பெரியவர்களுக்குத் தனிப்பெருமை. “நம்ம ஊருப் பையன்” என்பார்கள்.

அன்றிரவு நாகேஷுக்கும் பாலையாவுக்கும் சிரிக்காதவர் இல்லை. என் பாட்டனார் மட்டும் சிரிப்பை அடக்கியே வைத்திருந்தார். கூடாரக் காட்சி வந்ததும் தோளில் கிடந்த துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். வீடு திரும்பும் வழியில் காரணம் கேட்டேன்.

“பங்களாவுக்கு முன்னால கூடாரம் போட்டும் ஒருத்தனும் வந்து பிடுங்கலையேடா, அதுக்குத்தான் சிரிச்சேன்” என்றார்.

அவர் ஒருமுறை வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர். தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும். பிள்ளையின் பள்ளிக்கூடமும் போகும். தட்டுமுட்டுச் சாமான்களோடு அடுத்த தோட்டத்துக் கங்காணியின் வாசலில் நிற்கவேண்டியதுதான். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கவேண்டும் என்னும் வழக்கத்தை ஒழிக்கும்படியும் கேட்டார்கள். அதற்குப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் மாண்டனர். சின்னமலையில் நடப்பது வேறு. வேலை இழந்தவன் பாடுகிறான். முதலாளி பல்லைக் கடிக்கிறார். மேலும், இப்படம் வெளிவந்த காலம் மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலம். வேலையையும் குடியிருப்பையும் ஒருசேர இழந்த குடும்பங்கள் பல. அக்காலத்தில் இந்நாட்டுத் தமிழர் இப்படத்தைக் கண்டு சிரித்தபோது, எதைக் கண்டு சிரித்தார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

இது ஒரு படத்தின் தற்செயல் அன்று என்பது என் கருத்து. 1955-இல் வந்த ‘மிஸ்ஸியம்மா’வை எடுத்துக்கொள்ளுங்கள். தம்பதியாக இருந்தால்தான் ஆசிரியர் வேலை என்றவுடன், வேலையற்ற இருவர் கணவன் மனைவியாக நடிக்கிறார்கள். (ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததுண்டு, எங்களில் யாருக்கும் அப்போது வேலை உறுதியாகவில்லை.) இரண்டிலும் நகையைப் பெற்றெடுத்த தாய் வேலையின்மையே.

அகப்பொருள் கற்றவர்க்கு இன்னொன்றும் புலப்படும். களவில் தலைவனுக்குத் துணை நிற்பவன் பாங்கன். அந்தப் பாங்கனையே தந்தையாக்கிவிட்டார் ஸ்ரீதர். களவைக் கற்பாக்குவதற்குத் தோழி அறத்தொடு நிற்பாள். அதாவது பெற்றோர்க்கு உண்மையை உணர்த்துவாள். இங்கே பெண் கேட்கப் பொய்யே போகிறது. ஏழையின் உண்மைக்கு மாளிகை வாசலில் மதிப்பில்லை என்பதால்தான் அப்பொய் வேண்டியதாயிற்று. தம் செல்வமே பெரிதென்றிருக்கும் விஸ்வநாதன், பொய்க் கோடீசுவரனுக்குமுன் குழைந்து வளைகிறாரே, அந்த இடத்தில் பாலையாவின் முகத்தைக் கவனியுங்கள். நகை பிறக்கும் நிலைக்களன்களுள் எள்ளலும் மடமையும் அந்த ஒரு முகத்திலேயே கிடைக்கின்றன.

குறையும் உண்டு. எஸ்டேட் என்று பெயர். ஆனால் கூலிக்கு உழைப்பவரின் வாழ்வு படத்தில் இல்லை. பெண்கள் இருவரும் கதையைத் தாமாக நடத்துவதுமில்லை. வேலை கேட்டுத் தொடங்கிய போராட்டம் காதலில் கரைந்துவிடுகிறது; வேலைக் கணக்கு அப்படியே நிற்கிறது. இப்படம் 1965-இல் தெலுங்குக்கும் 1966-இல் இந்திக்கும் சென்றது. ‘பியார் கியே ஜா’ என்னும் இந்திப் படத்தையும் ஸ்ரீதரே இயக்கினார்.

சென்ற ஆண்டு பள்ளி விடுமுறைக்கு முன் ஆறாம் ஆண்டு மாணவர்க்கு இப்படத்தைப் போட்டுக் காட்டினேன். நாகேஷ் கதை சொல்லிப் பாலையாவை நடுங்கவைக்கும் காட்சிக்கு நாற்காலியிலிருந்து விழுந்து சிரித்தார்கள். கூடாரக் காட்சியில் பேசாமல் இருந்தார்கள். எங்கள் பிரட்டுக்களம் இருந்த இடத்தில் இன்று செம்பனை நிற்கிறது. ஒரு மாணவி மட்டும் கையுயர்த்தி, “ஐயா, வேலை போனா அவரு வீட்டுக்குப் போகலாமே, ஏன் அங்கேயே இருக்காரு?” என்று கேட்டாள். படத்தை நிறுத்திவிட்டு, லயம் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்கினேன்.