மடியில் அடங்கும் ஆயுதம்

சின்ன காஞ்சிபுரத்து வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்துக்கு வருகிறவர்கள், ஒரே கல்லில் கடைந்தெடுத்த சங்கிலியை அண்ணாந்து பார்த்து வியந்துவிட்டு, அத்திவரதர் துயிலும் திருக்குளத்துப் பக்கம் நகர்ந்துவிடுவதே வழக்கம். சற்றுப் பொறுமையோடு தூண்களைச் சுற்றி வருகிறவர்களின் கண்ணுக்கோ, பாயும் குதிரைகள்மீது வாளும் வேலும் ஏந்தி அமர்ந்திருக்கும் வீரர்களுக்கிடையே நீண்ட துப்பாக்கி தாங்கிய உருவங்களும் தென்படும். விஜயநகரத்து அரசர்கள் காலத்தில், போர்ச்சுகீசியர் கப்பல்களில் வந்திறங்கிய புதுமையைக் கண்ட சிற்பி, அதையும் இதிகாச புருஷர்களின் வரிசையில் உட்காரவைத்துவிட்டான். அந்தக் காலத்துத் துப்பாக்கி, திரியில் நெருப்பு வைத்து, வாய்வழியாக மருந்து கெட்டித்து, தோளில் சார்த்திச் சுட வேண்டிய நெடிய கருவி. அதை ஏந்தி வருகிறவனை ஊரே தூரத்திலிருந்து கண்டுகொள்ளும். கைக்குள் அடங்கி, துணிக்குள் மறைந்து, எதிரே நிற்பவன் அறியாதபடி உடன் வரும் சிறு ரிவால்வராக அது உருமாறுவதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் பிடித்தன.

தற்காப்புக்கென்று ஒரு சிறு துப்பாக்கியைத் தேர்ந்தெடுக்கும் காரியம், வாங்குகிறவனுடைய கையின் அளவையும் பையின் கனத்தையும் மனத்தின் அச்சத்தையும் பொறுத்தது என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் நம் தேசத்தின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், அந்தத் தேர்வைப் பெரும்பாலும் செய்துவந்தது சட்டமே என்பதும், வாங்குகிறவன் அது விட்டுவைத்ததை எடுத்துக்கொண்டான் என்பதும் விளங்கும்.

ஆயுதத்தைவிட மறைவையே நம்பிப் பிழைத்த ஊர் காஞ்சிபுரம். 1688ஆம் ஆண்டு, ஔரங்கசீபின் சேனைகள் தெற்கே இறங்கிவருகின்றன என்ற செய்தி காஞ்சியை எட்டியபோது, கோயிலார் மதில்மேல் பீரங்கி ஏற்ற முயலவில்லை. உற்சவ மூர்த்தியைப் பிறர் அறியாமல் எடுத்துக்கொண்டு, இறந்தவரைச் சுமந்து செல்வதுபோல் வேஷமிட்டுச் சென்றார்கள் என்று செவிவழிச் செய்தி சொல்லும்படியாக, காடு சூழ்ந்த உடையார்பாளையத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆபத்து நீங்கியபின் பெருமாளைத் திருப்பியனுப்ப உடையார்பாளையத்து ஜமீன்தாருக்கு மனம் வரவில்லை. ஆத்தான் திருவேங்கட ராமாநுஜ ஜீயர் என்பவர், கர்நாடக நவாபு சாதத்துல்லா கானிடம் சேனைத் தலைவராயிருந்த தம் சீடர் லாலா தோடர்மாலின் பலத்தைத் துணைக்கொண்ட பிறகே, 1710இல் பெருமாள் தம் ஊருக்கு மீண்டார். அந்த வரலாற்றைக் கூறும் கல்வெட்டும், தோடர்மாலின் உருவச்சிலையும் கோயிலுக்குள் இன்றும் உள்ளன. பெருமாளை மறைத்துக் காத்தது பக்தர்களின் யுக்தியென்றால், மீட்டுத் தந்தது சேனையின் பயம் என்பதைக் கோயிலாரே நன்றியோடு பதிவுசெய்து வைத்தது பாராட்டத்தக்க நேர்மை.

அடுத்த நூறாண்டில் காஞ்சி மண்டலம் துப்பாக்கிப் புகையின் நடுவே வாழ்ந்தது. 1751இல் ஆற்காட்டு முற்றுகை முடிந்த கையோடு ராபர்ட் கிளைவ், பிரெஞ்சுக்காரர் வசமிருந்த காஞ்சிக் கோயிலைக் கைப்பற்றினான். 1780 செப்டம்பர் 10ஆம் தேதி, அருகிலுள்ள புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். மைசூர்ப் படையின் ஏவுகணை பாய்ந்து ஆங்கிலேயரின் மருந்து வண்டிகள் வெடித்தன என்பர். சில மைல் தூரத்தில் காஞ்சியில் தங்கியிருந்தும் உதவிக்குப் போய்ச் சேராத ஹெக்டர் மன்றோ, பெய்லியின் கதியைக் கேட்டதும் தன் கனத்த பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினான். பெரிய ஆயுதத்துக்குள்ள பெருஞ்சங்கடம், ஓடவேண்டி வந்தால் அதைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது என்பதே.

வைகாசிப் பிரம்மோற்சவத்துக் கருட சேவையில் வரதராஜர் அணிந்துவரும் மகரகண்டியைக் கிளைவ் காணிக்கையாக அளித்தான் என்று காஞ்சியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிறார்கள். தகப்பன் பெருமாளுக்கு ஆபரணம் கொடுத்தானோ இல்லையோ, சென்னையில் கவர்னராக வந்தமர்ந்த அவன் மகன் எட்வர்ட் கிளைவ், தமிழ்நாட்டாரின் இடுப்பிலிருந்ததைப் பறித்தான் என்பதில் ஐயமில்லை. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட சில வாரங்களுக்குள், 1801 டிசம்பர் 1ஆம் தேதி அவன் வெளியிட்ட பிரகடனம், தென் சீமைகளில் பாளையக்காரர்களும் குடிகளும் ஆயுதம் தரிப்பதை விலக்கி, மீறுவோர்க்கு மரண தண்டனை என்றும் அச்சுறுத்தியது. ஈட்டியும் வல்லயமும் துப்பாக்கியும் வைத்துக் காவல் காத்த ஒரு சமூக ஏற்பாடு அதன்பின் மெல்ல மெல்லக் கரைந்தது.

சட்டத்தின் விசித்திரம் 1860இல் முழுமையாக வெளிப்பட்டது. அவ்வாண்டு நிறைவேறிய இந்தியத் தண்டனைச் சட்டம், தன் உடலையும் பிறர் உடலையும் சொத்தையும் காத்துக்கொள்ளும் உரிமையை 96 முதல் 106 வரையிலான பிரிவுகளில் தாராளமாக விவரித்து, சில சந்தர்ப்பங்களில் தாக்க வருகிறவனைக் கொல்வதுகூடக் குற்றமன்று என்றது. அதே ஆண்டின் 31ஆம் சட்டமோ, ஆயுதங்களின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, உடைமை ஆகிய யாவற்றுக்கும் வேலி கட்டியது. 1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த 11ஆம் சட்டம் அந்த வேலியை மதிலாக்கியது. அதைவிட மனத்தைச் சுட்டது, லைசென்ஸ் கட்டாயத்திலிருந்து ஐரோப்பியர்களுக்கு விதிகள் அளித்த விலக்கு. 1887 டிசம்பரில் சென்னை மக்கீஸ் தோட்டத்தில் பத்ருதீன் தயாப்ஜியின் தலைமையில் கூடிய காங்கிரஸ் மகாசபை, இந்தச் சட்டம் பிரஜைகளின் ராஜவிசுவாசத்துக்கு இழுக்கு என்று கண்டு அதைத் திருத்தும்படி தீர்மானித்தது. வங்காளத்து இளைஞர் விபின சந்திர பாலர் அதன்மேல் ஆவேசமாகப் பேசினார். வெள்ளையருக்கும் நம்மவருக்கும் இடையிலிருந்த அந்தப் பேதம், முதல் உலகப்போர் ஓய்ந்து 1920ஆம் ஆண்டு விதிகள் வந்தபோதுதான் எழுத்தளவிலேனும் அகன்றது.

சென்னையில் இந்த விவாதம் நடந்துகொண்டிருந்த காலத்தில், மறைத்து வைக்கத்தக்க ரிவால்வரின் இலக்கணம் கடலுக்கப்பால் உருவாகிவந்தது. சுழலும் உருளையில் பல தோட்டாக்களை வைத்து ஒன்றன்பின் ஒன்றாகச் சுடும் உபாயத்துக்குச் சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் உரிமை பெற்றான் எனினும், அவனுடைய கருவிகள் பெரும்பாலும் குதிரைவீரனின் சேணத்துக்கும் இடுப்புக்கச்சைக்கும் ஏற்றவையாயிருந்தன. 1872இல் பர்மிங்ஹாம் நகரத்து வெப்ளி கம்பெனி ‘புல்டாக்’ என்று பெயரிட்டு, இரண்டரை அங்குலக் குழலும் ஐந்து அறைகளுமாக ஒரு குட்டை ரிவால்வரைக் கோட்டுப்பைக்கென்றே செய்து விற்றது. பையிலிருந்து அவசரமாக உருவும்போது தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ‘குதிரை’ என்ற பாகம் மேலே நீட்டிக்கொண்டிருப்பதால், துணியில் மாட்டிக்கொள்ளும். அந்தக் குறையைப் போக்க ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் 1887இல் குதிரையை உடலுக்குள்ளேயே மறைத்துவைத்து, பிடியை இறுக அழுத்தினாலன்றி விசை இயங்காதபடி ஒரு காப்பும் சேர்த்தார்கள். இவற்றையெல்லாம் ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை இன்றும் மாறவில்லை: குழல் குறையக் குறைய மறைப்பது எளிது, குறி தவறுவதும் எளிது, எடை குறையக் குறைய சுமப்பது சுகம், சுடும்போது கை உதைபடுவது அதிகம், தோட்டா பெரிதானால் அறைகளின் எண்ணிக்கை சுருங்கும். ஒன்றைப் பெற ஒன்றை இழந்தே தீரவேண்டும். கோட்டுப்பையை அடிப்படையாகக் கொண்ட இந்தச் சாஸ்திரம், வேட்டியும் மேல்துண்டும் உடுத்திய காஞ்சிபுரத்து மிராசுதாரருக்கு எவ்வளவு தூரம் உதவியிருக்கும் என்பது வேறு விஷயம். மடி என்ற நம்முடைய பை, வெற்றிலைச் செல்லத்தைத் தாங்குமே தவிர, முக்கால் ராத்தல் இரும்பைக்கூட நெடுநேரம் தாங்காது.

தமிழ் மண்ணில் மறைத்துக் கொண்டுவரப்பட்ட கைத்துப்பாக்கியின் ஓசை முதன்முதலாகத் தேசமெங்கும் கேட்டது 1911 ஜூன் 17ஆம் தேதி, மணியாச்சி ரயில் நிலையத்தில். திருநெல்வேலிக் கலெக்டர் ஆஷ் துரையை ரயில்பெட்டிக்குள்ளேயே சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்ட வாஞ்சிநாதன் கையில் இருந்தது ரிவால்வரன்று. பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். உருளையில்லாமல் தட்டையாக இருந்தபடியால், மறைப்பதற்கு ரிவால்வரைவிட வசதியானது அது. லண்டனிலிருந்து தப்பிவந்த வ. வே. சு. ஐயர், பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரியில் இளைஞர்களுக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்து வந்தார் என்பது பிரசித்தம். தற்காப்புக்கு என்று விண்ணப்பம் எழுதிய சாதுவான குடியானவனையும், சர்க்காரின் பார்வையில், அன்று முதல் வாஞ்சியின் நிழல் தொடர்ந்தது.

1931இல் கராச்சியில் காங்கிரஸ் நிறைவேற்றிய அடிப்படை உரிமைகள் தீர்மானத்தில், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்துக்கொள்ளும் உரிமையும் இடம்பெற்றிருந்தது. சுதந்திரம் வந்து எழுதப்பட்ட அரசியல் சாசனத்தில் அது இடம்பெறவில்லை. ஆளப்படுகிறவர்களாயிருந்தபோது கேட்டதை, ஆளுகிறவர்களான பின் கொடுக்கத் தயங்குவது சரித்திரத்தில் புதிதன்று. 1959ஆம் ஆண்டின் 54ஆம் சட்டமாக நிறைவேறி, 1962 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த ஆயுதச் சட்டமே இன்றளவும் ஆள்கிறது. ராணுவமும் போலீஸும் கையாளும் தோட்டாக்கள் சந்தைக்கு நழுவிவிடக் கூடாது என்ற முன்யோசனையால், .38, .455, 9 மில்லிமீட்டர் முதலிய அளவுகள் தனிமனிதர்க்கு விலக்கப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பாலும் கைக்கு எட்டியது .32 அளவும் அதனினும் சிறிய .22 அளவும். மேனாடுகளில் ரிவால்வர் வாங்குகிறவர்கள் எந்த அளவு சிறந்தது என்று வாதிட்டுக்கொண்டிருக்க, நம்மவர்க்கு அந்தக் கவலையைச் சட்டமே தீர்த்துவைத்துவிட்டது. 1980களின் நடுவில் இறக்குமதியும் தடைப்பட்டபோது, தாத்தா காலத்து வெப்ளி ரிவால்வர்கள் தங்க நகைபோல் விலையேறின. அந்த வெற்றிடத்தை நிரப்பக் கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை செய்து வெளியிட்ட .32 ரிவால்வரும், குழலைக் கீழே மடித்தால் வெற்றுக்கூடுகள் எழும்பி விழும் பழைய வெப்ளி அமைப்பின் வாரிசே.

அருகிலிருந்து சுடும் ரிவால்வரின் பலத்தையும் பலவீனத்தையும் தமிழர்கள் மறக்க முடியாதபடி கண்டது 1967 ஜனவரி 12ஆம் தேதி. ராமாவரம் தோட்டத்து வீட்டில், பேசவந்த எம். ஆர். ராதா, எதிரே இருந்த எம். ஜி. ஆரைச் சுட்டுத் தம்மையும் சுட்டுக்கொண்டார். ஒரே அறைக்குள், கைநீட்டும் தூரத்தில் பாய்ந்த குண்டுகளுக்குப் பின்னும் இருவரும் உயிர் பிழைத்தார்கள். கழுத்தில் கட்டுப்போட்ட எம். ஜி. ஆரின் படம் தமிழ்நாடெங்கும் சுவரொட்டியாயிற்று. அவ்வாண்டுத் தேர்தலில் எம். ஜி. ஆர். சார்ந்திருந்த கட்சி வென்று, காஞ்சிபுரத்து அண்ணாதுரை முதலமைச்சரானார். வீட்டில் துப்பாக்கி இருப்பது பகைவனைத் தடுக்கும் என்று நம்புகிறவர்கள், அன்று அந்தத் துப்பாக்கியை உள்ளே கொண்டுவந்தவர் பல படங்களில் உடன் நடித்த நண்பர் என்பதை நினைத்துப்பார்ப்பதில்லை.

2012 டிசம்பரில் டெல்லியில் ஒரு மாணவிக்கு நேர்ந்த கூட்டுப் பாலியல் கொடுமைக்குப் பின், 2014 ஜனவரியில் கான்பூர் பீரங்கித் தொழிற்சாலை பெண்களின் தற்காப்புக்கென்று ‘நிர்பீக்’ என்னும் .32 ரிவால்வரை வெளியிட்டது. டைட்டானியக் கலவையால் எடை அரைக்கிலோவாகச் சுருங்கியது. விலையோ 1,22,360 ரூபாய். நகைப்பெட்டியைப் போன்ற செந்நிறப் பேழையில் வைத்து அதை விற்றார்கள். காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் பட்டெடுக்கும் குடும்பம் தயங்காமல் கொடுக்கக்கூடிய தொகையென்றாலும், அந்தப் பட்டைத் தறியில் நெய்த பெண் இருட்டிய பின் தனியே வீடு திரும்பும்போது அந்தப் பேழை எப்படி அவளுக்குத் துணைவரும் என்பதை விளம்பரம் விளக்கவில்லை.

2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள், பொது இடத்தில் கைத்துப்பாக்கி கொண்டுபோகிறவர் அதை உறையிலோ பையிலோ வைத்து, முழுவதும் மூடி, தம் வசத்திலேயே வைத்திருக்கவேண்டும் என்கின்றன; மேனாட்டில் தனி உரிமையாகக் கேட்டுப்பெறும் மறைவு இங்கே கட்டளையாகிவிட்டது. 2019இல் வந்த திருத்தம், ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய மூன்று துப்பாக்கிகளை இரண்டாகக் குறைத்து, லைசென்ஸின் ஆயுளை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டியது. தேர்தல் அறிவிப்பு வந்தால் அந்த இரண்டையும் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளவேண்டிவரும். 2020இல் வெப்ளி கம்பெனி உத்தரப் பிரதேசத்து ஹர்தோயில் இந்தியக் கூட்டாளியோடு தொழிற்சாலை திறந்தது. 2023 ஆகஸ்டில் கான்பூர் தொழிற்சாலையார், குழலை மடிக்கவேண்டாமல் உருளை பக்கவாட்டில் திறக்கும் ‘பிரபல்’ என்ற புது ரிவால்வரைக் கொண்டுவந்தார்கள். ஹர்தோயில் செய்யும் வெப்ளி ரிவால்வரும் சரி, பிரபலும் சரி, .32 அளவே.