அழைப்பும் தாய்வழியும்

மணமகளின் கைக்கு மருதோன்றி இடும் இரவுக்கு யாரை அழைப்பது? விருப்பைப் பொறுத்த சிறு காரியமாகத் தோன்றும் இவ்வினாவுக்குக் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை ஆகிய ஊர்களில் விடையளித்தது வரலாறே.

இக்கரையோர முஸ்லிம்களிடையே 'குடி' தாய்வழி வருவது. ஒரே குடிக்குள் மணம் கொள்ளல் மரபன்று. அயலிலுள்ள தமிழ் இந்துக்களிடமும் இம்முறை உண்டு. பெற்றோர் மகளுக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுப்பர். கணவனே அங்கு வந்து வாழ்வான். ஆகவே தாயும் சகோதரிகளும் புதல்வியரும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்ந்தனர். குரவையிட வருவோர் யாரென்பதை அந்த ஒழுங்கையே தீர்மானித்தது.

ஆயினும் குடிகளின் சார்பில் பள்ளிவாசலில் அமர்ந்த மரைக்காயர்கள் ஆண்களே. மகளுக்கு வீடு கட்டும் சுமையில் ஏழைகள் நொந்ததும் உண்மை. பெண்வழி உறவு வேறு. பெண்ணின் அதிகாரம் வேறு.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அவ்வளவுகள் பலவற்றை அழித்தது. மாற்றிடங்களில் எழுந்த வீடுகள் பலவற்றுக்கு, 'குடும்பத் தலைவர்' என்னும் நிர்வாக வழக்கால் ஆண்களே உரிமையாளராயினர். அயலும் சிதறியது. வேலியோரம் நின்று கூப்பிட்டாற் போதும் என்றிருந்த உறவுக்கு இன்று பட்டியல் வேண்டியிருக்கிறது. அதில் விடுபடும் பெயர் மறதியால் மட்டும் விடுபடுவதன்று. பெண் இழந்த நிலத்தின் கணக்கும் அங்கே உண்டு.